மாதம்மாவுக்காக அம்மா கேட்டது

டீக்கடை டிவியில் ஒகேனக்கல் வெள்ளத்தைக் காட்டினார்கள். பரிசல் ஓட்டத் தடை என்று செய்தி ஓடியது. சின்ன வயதில் அந்தத் தண்ணீர் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே தூங்கியவன் நான்.

ஆற்றோரத்தில் அம்மா மீன் வறுத்து விற்றாள். பக்கத்து வீட்டு மாதம்மாவின் கணவர் பரிசல்காரர். ஒரு நாள் காலையில் வலையை எடுக்கப் போனவர், திடீரென்று வெள்ளம் ஏறியதில் திரும்பவில்லை. மதியம் மாதம்மா அழுதுகொண்டே வந்தாள்.

"எங்க சாமிய எல்லாம் கும்பிட்டுட்டேங்க்கா. உங்க சாமிகிட்டயும் கேளுங்க."

அம்மா மிளகாய்த்தூள் அப்பிய கையோடு மண்தரையில் முழங்காலிட்டாள். "பரலோகத்திலிருக்கிற பிதாவே" என்று வழக்கம்போல வேதத் தமிழில் தொடங்கிய ஜெபம், சிறிது நேரத்தில் வீட்டுப் பேச்சாக மாறியது.

"இந்தப் புள்ளைக்கு வேற யாருங்க இருக்காங்க? அந்தாள வூட்டுக்கு அனுப்பாம நான் எந்திரிக்க மாட்டேன். கேக்குதுங்களா?"

கடவுளிடம் யாரும் அப்படிக் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பொழுது சாயும்போது, நடு ஆற்றுப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தவரைக் கயிறு கட்டி மீட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. மாதம்மா ஆற்றுக்கு ஓடினாள். அம்மாவால் எழ முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. கைகொடுக்கப் போனேன். அவள் கண்ணை மூடியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அதட்டிப் பேசிட்டேனுங்க ஆண்டவரே. மனசுல வெச்சுக்காதீங்க."