ஏரிக்கரைக் கல்லில் ஒருவர்

விழுப்புரத்துக்கு வேலைக்கு வந்து ஐந்து வருடமாகிறது. தென்காசிப் பக்கத்துக்காரி நான். முதல் வருடம் இந்த ஊர் வெயிலைத் திட்டாத நாளில்லை. இப்போது எந்த ஊர் என்று யாராவது கேட்டால் விழுப்புரம் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. சொந்தமாகிவிட்ட ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருந்தால் எப்படி? செஞ்சிக் கோட்டை, மயிலம் மலை எல்லாம் ஆயிற்று. பாக்கி இருந்தது, திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நிற்கும் யுத்தக் கல். முதல் உலக யுத்தத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்று வெள்ளைக்காரன் நட்டுவிட்டுப் போனது. 1963 மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன்.

கூட வந்தவர் பக்கத்துப் போர்ஷன் அஞ்சலை அக்கா. அவர் பிறந்த ஊர் அது. அவருடைய அப்பா அந்த யுத்தத்துக்காக அரபு தேசத்து பஸ்ராவுக்குக் கப்பலேறியபோது அக்கா கைக்குழந்தை.

கல்லில் யார் பெயரும் கிடையாது. போனவர்கள் பதினான்கு பேர், இறந்தவர் ஒருவர் என்று எண்ணிக்கை மட்டும்தான். ஆனால் ஊர் திரும்பாதவர்கள் இரண்டு பேர். அக்காவின் அப்பா ஒருவர், அக்காவின் சிநேகிதி பச்சையம்மாளின் அப்பா இன்னொருவர். சர்க்கார் தபால் இரண்டு வீட்டுக்கும் வரவில்லை. செத்தவன் ஒருத்தன் என்றால் மற்றவன் பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடிப்போனவன் என்று ஊர் கணக்குப் போட்டுக்கொண்டது. அதனால் இத்தனை வருடமாக இரண்டு வீட்டாரும் கல்லுக்கு ஒரு பூ வைத்ததில்லை. வைத்தால், செத்தது எங்கள் ஆள், ஓடினது உங்கள் ஆள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். இரண்டு அம்மாக்களும் பூவும் பொட்டுமாகவே இருந்து, அப்படியே போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது அக்காவின் மகனுக்கு ஆனியில் கல்யாணம். வீட்டில் முதல் கல்யாணம். அதற்கு முன்னால் இறந்துபோன பெரியவர்களுக்குப் புதுத் துணி வைத்துப் படைக்க வேண்டும். அம்மாவுக்குச் சேலை எடுத்தாயிற்று. அப்பாவுக்கு வேட்டி வைப்பதா, வேண்டாமா?

“பச்சையம்மாவ ஒரு வார்த்த கேக்கணும் டீச்சர். எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேக்கறது?” என்று ஒரு வாரமாக என் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு வரலாம் வாருங்கள் என்று நான்தான் கிளப்பினேன்.

காலை பாசஞ்சரில் ஏறினோம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் இருபத்து மூன்று மைல். பஸ்ஸில் சீக்கிரம் போகலாம், ஆனால் ரயிலில் போவதுதான் சுகம். வண்டி அவசரமே இல்லாமல் முண்டியம்பாக்கத்தில் நின்றது, விக்கிரவாண்டியில் நின்றது, பேரணியில் ஏன் நின்றோம் என்பதையே மறந்து நின்றது. ஜன்னலோரம் வெளிச்சம் பால் மாதிரி கலங்கியிருந்தது. பனைமரங்கள் தரையில் கால் படாமல் நிற்பது போலத் தெரிந்தன. மயிலம் மலை கொஞ்ச தூரம் எங்களோடு வந்துவிட்டு, பிறகு வரவில்லை.

“எங்கப்பா இதே தண்டவாளத்துலதான் போயிருப்பாரு, இல்ல டீச்சர்?” என்றார் அக்கா. ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு எனக்கும் ரயில் திண்டிவனத்துக்குப் போவதாகத் தோன்றவில்லை. கப்பல், பஸ்ரா, பேரீச்ச மரங்கள் என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தபோது ஸ்டேஷனில் மல்லாட்டை, அதாவது எங்கள் ஊர் நிலக்கடலை, விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து நாலு மைல், குதிரை வண்டியில் போக வேண்டும். ஒன்றரை ரூபாய் கேட்டு ஒன்றேகாலுக்கு இறங்கினார் வண்டிக்காரர். “ஜல்தி ஏறுங்கம்மா. வெயில் ஏறிடுச்சின்னா இந்தக் குதிர பேஜாரு பண்ணிடும்” என்றார். குதிரை வெயில் ஏறும் முன்பே பேஜாரு பண்ணியது.

கல் ஏரிக்கரையில் இருக்கிறது. பெரிதாக எதையும் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். இடுப்பு உயரக் கருங்கல். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். யாரோ மாட்டைக் கட்டியிருந்தார்கள். ஏரியில் பாதித் தண்ணீர், மீதியில் ஆகாயம். அந்த அமைதியில் நின்றபோது, இந்த இடத்தைப் பார்க்கத்தான் இந்த ஜில்லாவுக்கே வந்தேனோ என்று எனக்குத் தோன்றியது.

பச்சையம்மாள் களத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உயரமான மனுஷி, உரத்த குரல். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள், சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசினார்கள், மல்லாட்டை விலையைப் பற்றிப் பேசினார்கள். அக்கா கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை. எனக்கானால் எரிச்சல். காலில் சுடுகிறது, வண்டிக்காரர் வேறு கனைக்கிறார்.

கடைசியில் பச்சையம்மாள்தான் கேட்டார். “எதுக்கு வந்தன்னு எனக்குத் தெரியாதா? புள்ளைக்குக் கல்யாணம் வச்சிக்கினு வெறுங்கையோடவா வருவ? மால எங்க?”

அக்கா விழித்தார். “நான் எப்படிடி போடுவேன்? போட்டா உங்கப்பா…”

“எங்கப்பாவுக்கு என்ன? அவரு இருந்துட்டுப் போறாரு. பஸ்ராவுல எவளையாவது கட்டிக்கினு, பேரீச்சம்பழம் துன்னுக்கினு, பேரம்பேத்தி எடுத்துக்கினு நல்லா இருக்கட்டும். உங்கப்பாவுக்கு நீ வேட்டி வச்சிப் பட. ஊர்ல எவனாவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்து வேலியிலிருந்து அரளிப் பூவைக் கொத்தாக ஒடித்து வந்து அக்காவின் கையில் திணித்தார். அக்கா கல்லின் மேல் பூவை வைத்ததும், அப்பா என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், நாற்பத்தேழு வயதுக்காரியின் குரலே இல்லை அது. நானும் அழுதுவிட்டேன். பச்சையம்மாள் மட்டும் அழவில்லை. அக்காவின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றார்.

வண்டி ஏறிக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் தண்ணீர்க் கூஜாவை விட்டுவிட்டது தெரிந்தது. நான் மட்டும் இறங்கித் திரும்ப நடந்தேன். கரை மேட்டில் ஏறியதும் நின்றுவிட்டேன். பச்சையம்மாள் தனியாகக் கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாட்டை அவிழ்த்து வேறு பக்கம் கட்டியிருந்தார். முந்தானையால் கல்லைத் துடைத்துவிட்டு, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தமே இல்லை.

கூஜாவை எடுக்காமல் வந்துவிட்டேன். காணவில்லை என்று அக்காவிடம் பொய் சொன்னேன். அவர் வழியெல்லாம் வேட்டிக்கு எத்தனை விரல் கரை என்று யோசித்துக்கொண்டு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை பாசஞ்சரைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திண்டிவனம் திரும்பிவிடலாம். வண்டிக்காரரிடம் போக வர சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். கிராமத்தில் கடை கிடையாது, ஸ்டேஷன் வாசலிலேயே பூ வாங்கிக்கொள்ளுங்கள். கல்லில் ஒருவர் என்றுதான் செதுக்கியிருக்கிறது. நீங்கள் மாலை இரண்டாக வாங்குங்கள்.