மகளிர் பெட்டியில் ஓர் உடன்படிக்கை

1971 ஆகஸ்டில் இந்தியா ரஷ்யாவோடு நட்பு உடன்படிக்கை செய்துகொண்டது. கையோடு நானும் ஒன்று செய்துகொண்டேன். எனக்கு வாய்த்த வல்லரசு, சூலூர்ப்பேட்டையிலிருந்து தயிர்ப்பானைகளோடு ரயிலேறும் ஆந்திரப் பெண்கள். தேசத்துக்கு எல்லையில் ஆபத்து. எனக்கு மகளிர் பெட்டியில்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தேன். தினமும் கொருக்குப்பேட்டையில் இறங்கி ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்தப் போவேன். சரித்திர டீச்சர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெருக்குழாயில் இரண்டு பெண்கள் குடத்தை இடித்துக்கொண்டாலும் எங்களுக்கு அது பானிப்பட்டாகத் தெரியும். எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. நாளிதழில் முதல் பக்கம் படித்து முடிக்காமல் சட்னி அரைக்கமாட்டேன். என் கணவர் அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறவர், பாவம், நாஷ்டாவுக்கு முன்னால் சீனாவையும் பாகிஸ்தானையும் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவார்.

கரி எஞ்சின் இழுத்த அந்த பாசஞ்சரில் பெண்களுக்கென்று ஒரே ஒரு பெட்டி. அதில் மூன்று சக்திகள். முதலில் ஏறுகிறவர்கள் தயிர்க்காரிகள். ஏறும்போதே பாதிப் பலகை அவர்களுடையது. ஒருத்தியை முறைத்தால் அத்தனை பேரும் ஒரே குரலில் தெலுங்கில் திட்டுவார்கள், பதில் சொல்ல நமக்கு மொழி இருக்காது. அடுத்து ஆரம்பாக்கத்தில் ஏறுவார்கள் மீன்காரப் பெண்கள். பழவேற்காடு ஏரியின் இறாலும் நண்டும் கூடை கூடையாக வரும். கடைசியில் கும்மிடிப்பூண்டியில் நாங்கள் ஏறுவோம். டீச்சர், நர்ஸ், டைப்பிஸ்ட், டெலிபோன் ஆபரேட்டர் என்று ஆபீஸ் கோஷ்டி. எங்கள் ஆயுதம் கொஞ்சம் இங்கிலீஷும் மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு கைக்குட்டையும்.

மீன்காரப் பெண்களின் ஆயுதத்துக்கு முன்னால் அதெல்லாம் தூசு. தலையில் கூடைக்கு அடியில் வைக்கிற சும்மாடு இருக்கிறதே, மீன் தண்ணீர் ஊறி ஊறிக் கறுத்த துணிச்சுருள், அதைக் கழற்றிப் பலகையில் வைத்துவிடுவார்கள். முடிந்தது. அந்த இடத்தில் ஆபீஸ்காரி எவளும் உட்காரமாட்டாள், சும்மாட்டை எடுத்த பிறகும் உட்காரமாட்டாள். இத்தனைக்கும் அவர்கள் பெரும்பாலும் கூடைகளுக்குப் பக்கத்தில், வாசல் ஓரமாகத் தரையில்தான் குந்தியிருப்பார்கள். பலகை சும்மா காலியாக வரும். வல்லரசுகள் அணுகுண்டு வைத்திருப்பது எதற்கு என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் எனக்கு அந்தச் சும்மாடுதான் ஞாபகத்துக்கு வரும். போட வேண்டியதில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

எங்களுக்கு மிஞ்சுவது மூன்றோ நான்கோ இடம். அதற்கு எங்களுக்குள் முறை வைத்திருந்தோம். என் முறை வாரத்துக்கு ஒருநாள் வந்தால் அதிர்ஷ்டம்.

அந்த ஆகஸ்டில் எனக்கு வாரத்துக்கு ஒருநாள் போதவில்லை. எனக்கு மூன்றாவது மாதம். முந்தைய வருடம் இதே மூன்றாவது மாதத்தில்தான் முதல் கரு கலைந்துபோனது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ரயிலில் உட்கார்ந்து போக முடிந்தால் போ. நின்றுகொண்டு போவதாக இருந்தால் வேலையை விட்டுவிடு." வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. லீவு போட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"இதுக்கு இன்னாத்துக்கு உடன்படிக்கை? மாசமா கீறேன்னு சொன்னா எழுந்து இடம் குடுக்கப்போறாங்க" என்றார் என் கணவர்.

அவருக்கு என்ன தெரியும். முதல் தடவை இரண்டாம் மாதமே ஊருக்கெல்லாம் சொல்லி, பெட்டி முழுக்கச் சர்க்கரை கொடுத்தவள் நான். அப்புறம் ஒவ்வொருத்தியும் வந்து "அய்யோ, இன்னா ஆச்சு?" என்று கேட்டபோது அந்தக் கேள்விகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண் படும் என்று பெரியவர்கள் சொல்வதை வகுப்பில் மூடநம்பிக்கை என்று நடத்துகிறவள், இந்தத் தடவை வளையல் போடுகிறவரை மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். காரணம் சொல்லாமல் இடம் வேண்டும். அதற்குப் பெயர்தான் ராஜதந்திரம்.

தயிர்க்காரிகளோடு பேசினேன். எனக்காக ஒரு பானையைப் பலகையில் வைத்து இடம் பிடிக்கவேண்டும். பதிலுக்கு, தரையில் மோர் சிந்துகிறது என்று எங்கள் கோஷ்டி இனி புகார் செய்யாது. நான்கு நாள் மகாராணி போல உட்கார்ந்து போனேன். ஐந்தாம் நாள் பானை தரையில் இறங்கியிருந்தது, அந்த இடத்தில் ஒரு சும்மாடு உட்கார்ந்திருந்தது. என் நேச நாட்டைப் பார்த்தேன்.

"மாட்லாடுதாம் அம்மா, மாட்லாடுதாம்" என்றாள் அவர்களில் மூத்தவள். பேசுவோம், பேசுவோம் என்று அர்த்தம். பேசினார்கள். மீஞ்சூர் தாண்டுகிறவரை தங்களுக்குள் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் கலந்து ஆலோசிப்பார் என்றுதான் ரஷ்யாவோடு செய்துகொண்ட உடன்படிக்கையிலும் இருப்பதாகப் பேப்பரில் படித்திருந்தேன். அந்த வாசகத்தின் கனம் எவ்வளவு என்று நின்றுகொண்டே வந்தபோது கால் வலியில் புரிந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து பயத்தில் அழுதேன்.

மறுநாள் எதிரி முகாமுக்கே நேராகப் போனேன். மீன்காரப் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், குரல் எஞ்சின் விசிலுக்குப் போட்டி.

"அக்கா, எனக்கு தினமும் ஒரு இடம் வேணும்" என்றேன்.

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இன்னாத்துக்கு?"

"கால் வலி."

"கால் வலியா?" இன்னொரு தடவை பார்த்தாள். "சரி. நீ எனக்கு இன்னா குடுப்ப?"

இப்படிக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேரம் என்றால் என் இலாகா. கூடைகள் அதிகம் என்று டிக்கெட் பரிசோதகர் அவ்வப்போது அவர்களிடம் சத்தம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் வரும்போதெல்லாம் அவர்கள் சார்பில் நான் இங்கிலீஷில் பேசுகிறேன் என்றேன்.

அவள் யோசிப்பதுபோல் தாடையைத் தடவினாள். "இங்கிலீசா? அது நமக்குப் பெரிய பேஜாரு ஆச்சே. நீ பேசினா நல்லதுதான். ஆனா ஒண்ணு, எவ வந்து கேட்டாலும் எய்ந்திரிக்கக் கூடாது. எய்ந்துட்டியா, ஒப்பந்தம் காலி."

"எழுந்திரிக்கமாட்டேன்."

"மந்திரி வூட்டு சம்சாரமே வந்தாலும்?"

"வந்தாலும்."

அன்று முதல் ஜன்னலோரம் எனக்காக ஒரு சும்மாடு காத்திருந்தது. நான் ஏறியதும் அவள் அதை எடுப்பாள், நான் முந்தின நாள் பேப்பரை விரித்து அதன்மேல் உட்காருவேன். பாகிஸ்தான் எல்லையில் படை குவிப்பு என்ற செய்தி எனக்குக் கீழே, மீன் வாடை எனக்கு நாலு பக்கமும். அந்த மாதங்களில் எனக்குக் காப்பி வாசனையே ஆகாது. உப்பு நாரத்தங்காயை வாயில் அடக்கிக்கொண்டு, சமாதானத்துக்கு விலை கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். என் கோஷ்டி என்னைக் கட்சி மாறியவள் என்று ஒதுக்கி வைத்தது. நர்ஸ் ஒருத்தி, "டீச்சர், உங்க பக்கத்துல நிக்கவே முடியல" என்று கைக்குட்டையை எடுத்தாள். நான் அசையவில்லை. நடுநிலை நாடுகளின் கருத்தை வல்லரசுகள் பொருட்படுத்துவதில்லை.

பரிசோதகர் வரும் நாட்கள்தான் எனக்குத் திருவிழா. எழுந்திருக்காமலேயே, உட்கார்ந்த இடத்திலிருந்து, ஏழைகளின் பிழைப்பு, அரசாங்கத்தின் கடமை என்று இங்கிலீஷில் வெளுத்து வாங்குவேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார், மீன்காரப் பெண்களைப் பார்ப்பார், சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போவார். "கவர்மெண்டே பயந்து ஓடுது பார்" என்பாள் தலைவி. எனக்குப் பெருமை தாங்காது. அன்றைய பாடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு அரைமணி நேரம் கூடுதலாக வெளியுறவுக் கொள்கை கிடைக்கும்.

டிசம்பரில் நிஜமாகவே யுத்தம் வந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்ன அதே வாரம் எனக்கு வளையல் போட்டார்கள். தேசத்துக்கும் எனக்கும் சேர்த்தே பயந்துகொண்டிருந்தேன். வேலையும் அதற்குள் நிரந்தரமாகியிருந்தது, லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அமெரிக்கா போர்க்கப்பலை அனுப்பியது, வங்காளதேசம் பிறந்தது, பிப்ரவரியில் என் பெண்ணும் பிறந்தாள். அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவும் சீனாவும் கை குலுக்கிக்கொண்ட படம் பேப்பரில் வந்தது. இத்தனை வருஷப் பகை, இப்போது பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று கணவரிடம் கொதித்தேன். "கொயந்தைய முதல்ல ஏப்பம் விட வை" என்றார் அவர்.

ஜூனில் பள்ளி திறந்தது. என் உடன்படிக்கை என்னவாயிற்று என்று பார்க்க ஆவலோடு ரயிலேறினேன். பெட்டிக்குள் உலகமே தலைகீழ். என் பழைய ஆபீஸ் கோஷ்டி, மீன்கூடைகளைச் சுற்றி நின்று ஞாயிற்றுக்கிழமைக்கு இறால் பேரம் பேசிக்கொண்டிருந்தது. கைக்குட்டை நர்ஸ், நண்டைக் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஜன்னலோர இடத்தில், பேப்பரை விரித்துக்கொண்டு, டெலிபோன் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தலைவி என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக, "டீச்சரம்மா! கொயந்த நல்லா கீதா? இன்னா கொயந்த?" என்றாள்.

"பெண். அக்கா, என் இடம் இன்னா ஆச்சு?"

"அது அந்தப் பொண்ணுது."

ஜன்னலோரப் பெண் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். "நான் பேசி வாங்கிட்டேன் டீச்சர். மார்க்கெட்டுல எந்த மீனு என்ன விலைன்னு தினமும் போன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்னு அக்காகிட்ட ஒப்பந்தம்." உதடு காய்ந்திருந்தது. வாயில் எதையோ அடக்கிக்கொண்டிருந்தாள்.

நான் தலைவியிடம் குனிந்து, "அப்ப டிடிஆர் வந்தா இங்கிலீஷ்ல யாரு பேசுறது?" என்றேன்.

"அவரா?" என்றாள் அவள். "அவரு ஊட்டுக்கு ஏழு வருசமா மீனு போடுறதே நான்தான்."

"மார்க்கெட் விலை?" என்றேன் மெதுவாக.

"பொறந்ததுலேர்ந்து மீன் விக்கிறேன், எனக்குத் தெரியாத விலையா? சும்மா குந்துன்னு சொன்னா நீங்கல்லாம் குந்துவீங்களா? சும்மாடு வச்ச எடம் ஆச்சே. ஒப்பந்தம்னாத்தான் எய்ந்திரிக்காம குந்துவீங்க." ஜன்னலோரப் பெண்ணைப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். "வாயத் தொறக்காத. அதுக்கு இன்னும் மூணு மாசம்கூட முடியல. அது யாருக்கும் சொல்லல, உன்ன மாதிரியே."

நான் வாயைத் திறக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொருக்குப்பேட்டைவரை நின்றுகொண்டே போனேன். பொன்னேரியில் யாரோ ஒரு அம்மாள் ஏறி அந்தப் பெண்ணைத் தள்ளி உட்காரச் சொன்னபோது, நான்தான் குறுக்கே போய், இங்கிலீஷில் சண்டை போட்டேன்.