திறக்காத வாட்ச்

கடைக்காரர் இரண்டு பக்கமும் விரலால் அழுத்த, கைக்கடிகாரத்தின் ஸ்டீல் பட்டை 'டிக்'கென்று இரண்டு இறக்கையாக விரிந்தது. "இன்னொரு வாட்டி பண்ணுங்க" என்றேன். அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு இன்னும் சந்தேகம்.

தொண்ணூறுகளில், திருவண்ணாமலை சத்திரம் ஒன்றில் அக்காவின் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுவது மச்சானான என் வேலை. எனக்குப் பத்து வயது. துபாய் சித்தப்பா கொண்டுவந்த வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொக்கியும் இல்லை, ஓட்டையும் இல்லை. மூடிய வளையம் மாப்பிள்ளையின் கட்டைவிரலைத் தாண்டவில்லை. பட்டையின் ஓரத்தில் குமிழ் ஒன்று தட்டுப்பட்டது, அழுத்தினேன், அசையவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்று, அதுவும் அப்படியே. இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் உள்ளே ஸ்பிரிங் விடும் என்று யார் கண்டது? சித்தப்பா டூப்ளிகேட்டைத் தள்ளிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். கல்யாணம் நிற்கப்போகிறது, கோயிலின் ஒன்பது கோபுரமும் என்னையே முறைக்கின்றன என்று வியர்த்துக்கொட்டியது.

மாப்பிள்ளையின் அத்தை எட்டிப் பார்த்தார். "என்னாடா, கட்டுறியா, திரும்ப எடுத்துனு போறியா?"

மாப்பிள்ளை குனிந்து என் காதில் சொன்னார்: "அழுவாத மச்சான். எனக்கும் தொறக்கத் தெரியல. கெட்டியா புடிச்சிக்கினு சிரி, போட்டோ எடுக்கிறாங்க."

ஆல்பத்தில் அவர் மணிக்கட்டை நான் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருப்பேன். பார்க்கிறவர்கள், "மாமா மேல என்னா பாசம்!" என்கிறார்கள். நாங்கள் இருவரும் இன்றுவரை வாயைத் திறந்ததில்லை.