மஞ்சள் இல்லாத முகங்கள்

எண்பதுகளின் நடுவில், ராவாங்கில் இருந்த ஒரு தொழிற்சாலையில் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். நான் கேட்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவள் கல்யாணமாகி பத்தாங் காலிக்குப் போய்விட்டாள். மலாய் தடுமாறாமல் பேசுகிறவள் என்று மிச்சமிருந்தது நான்தான். ஆக்கிய கையோடு கோலாலம்பூரிலிருந்து ஒருவரை வரவழைத்து, என்னைப் போன்றவர்களுக்கெல்லாம் கேன்டீனில் வகுப்பு நடத்தினார்கள். தலைமை தாங்குகிறவர்களில் பல ரகம் உண்டாம். அதட்டி வேலை வாங்குகிறவர், கலந்து பேசி வாங்குகிறவர், விட்டுப் பிடிக்கிறவர். சுவரில் படம் போட்டுக் காட்டிவிட்டு, "நீங்கள் எந்த ரகம்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். தூக்கம் போதாத ரகம் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. கலந்து பேசுகிற ரகம் என்று சொல்லி வைத்தேன். பக்கத்திலிருந்தவளும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

அந்த வகுப்பில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நீ வேலை வாங்க வேண்டியவர்கள் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்களாக இருந்தால் என்ன செய்வது?

கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எங்களை ஏற்றிப்போக கம்பெனி ஒரு பஸ் விட்டிருந்தது. இருட்டோடு கிளம்பி, ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று குலுங்கிக் குலுங்கி ராவாங் போய்ச் சேரும்போது பாதி உயிர் போயிருக்கும். என் லைனில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அந்த பஸ்ஸில் வருகிறவர்கள். நான் பிறந்த தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதுதான் என் கல்யாணம். அதனால் லைனில் ஒருத்தி அக்கா, ஒருத்தி சின்னம்மா, ஒருத்தி மதினி. எல்லாருக்கும் மூத்தவளாக அத்தை ஒருத்தி. சொந்த அத்தை இல்லை, அடுத்த வீட்டு அத்தை. வாய் கொஞ்சம் நீளம், பேச்சுக்குப் பேச்சு மலாய்க்காரர் மாதிரி ஒரு 'லா' வரும். "அத்தை, வேகமாச் செய்யுங்க" என்று நான் சொன்னால், "ஒன் பீத்துணியக் கசக்குனவடி நானு, எனக்கே வேகம் சொல்றியா லா?" என்பாள். லைனே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும். பிறகு என்னத்தை அதட்டுவது?

எங்கள் வேலை, ரேடியோவுக்குள் போகிற சின்னச் சின்னப் பலகைகளில் உதிரிப் பாகங்களை ஈயம் உருக்கி ஒட்டுவது. ஒட்டியது சரியாக நிற்காவிட்டால் அந்தப் பலகை குப்பைக்குப் போகும். என் லைனில் குப்பைக்குப் போவது அதிகம். அதிலும் செவ்வாயும் வெள்ளியும் கேட்கவே வேண்டாம். சூப்பர்வைசர் ஒரு சீனர். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் பஸ்ஸில் எல்லாரும் சேர்ந்து திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரு பலகையை வைத்துக் காட்டினார். செம்புக் கோட்டின் மேல் மஞ்சளாக ஒரு விரல் ரேகை. அதைச் சுற்றி எண்ணெய்ப் பளபளப்பு. "குஞ்ஞிட்?" என்று மலாயில் கேட்டார். மஞ்சளா என்று.

மஞ்சள்தான். செவ்வாய், வெள்ளி பெண்கள் எண்ணெய் தேய்த்து முழுகுகிற நாள். மற்ற நாளிலும் விடியற்காலை குளியலில் முகத்துக்கு மஞ்சள் பூசாமல் எங்கள் லயத்துச் சுமங்கலி ஒருத்தி வாசல் தாண்டமாட்டாள். வேலை செய்கிற கை சும்மா இருக்காது. நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்கும், கன்னத்தைச் சொறியும், திரும்பப் பலகையைத் தொடும். எண்ணெய் பட்ட இடத்தில் ஈயம் ஒட்டாது. தொழிற்சாலைக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தோம். நல்லெண்ணெய் அத்தனை லேசில் போகிறதா? கையுறை கொடுத்துப் பார்த்தார்கள், விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை.

சூப்பர்வைசர் குரலை உயர்த்தவே இல்லை. மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பார்களாம். குறையாவிட்டால் என் லைனைக் கலைத்து, ஆட்களை மற்ற லைன்களில் ஒவ்வொருவராகப் பிரித்துப் போட்டுவிடுவார்களாம். அந்த லைன்களெல்லாம் ஷிப்டு மாறி மாறி ஓடுகிறவை. எங்கள் தோட்டத்துப் பஸ்ஸோ காலை ஷிப்டுக்கு மட்டும்தான். லைன் கலைந்தால் எங்களில் யாரும் ராவாங் வர முடியாது. மறுபடி எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோப்பில் உதிரிப் பழம் பொறுக்கப் போக வேண்டும், அல்லது முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடிக்க வேண்டும். அந்த வேலையிலிருந்து தப்பி வந்தவர்கள்தான் நாங்கள் அத்தனை பேரும்.

இதை நான் போய்ச் சொல்ல வேண்டும். புருஷன் உயிரோடு இருக்கிற பெண்களிடம், நாளையிலிருந்து மஞ்சள் பூசாமல் வாருங்கள் என்று சொல்ல வேண்டும். அதட்டிச் சொல்வதா, கலந்து பேசுவதா, விட்டுப் பிடிப்பதா? பஸ்ஸில் முன்னால் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறப்பேன். அத்தை, "என்னா லா, பாட்டுப் பாடப் போறியா?" என்பாள். உட்கார்ந்துவிடுவேன்.

கடைசியில் எதுவும் சொல்லாமல் நானே மஞ்சளை நிறுத்தினேன். முன்னுதாரணம் காட்டுகிற பெரிய எண்ணமெல்லாம் இல்லை. சொல்வதற்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். வெறும் சோப்புப் போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காத தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியதும் பூசிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. பஸ் விளக்கில் அத்தை என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"ஏன்டி, அறுத்தவ மாதிரி வந்து நிக்கிற?"

அப்போதுதான் சொன்னேன். பலகை, விரல் ரேகை, மாதக் கடைசி, ஷிப்டு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பத்தாங் பெர்ஜுந்தை தாண்டிய பிறகு அத்தைதான் வாயைத் திறந்தாள்.

"நீ வேணும்னா இப்படி வா. எங்ககிட்ட அந்தப் பேச்ச எடுக்காத. வேல போனா போவுது."

மறுநாளும் எல்லாரும் மஞ்சளோடுதான் வந்தார்கள். அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமை பஸ் முழுக்க நல்லெண்ணெய் வாசம். என்னிடம் யாருக்கும் கோபம் இல்லை. காலையில் முறுக்கு கொடுத்தார்கள், தலைவலித் தைலம் கொடுத்தார்கள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே இந்தக் கோலத்தில் வருகிறேன் என்று கத்தலாம் போலிருந்தது. ராவாங் போய் வருகிற அலுப்பில் உருப்படியாகக் கோபப்படக்கூட முடியவில்லை. வீட்டில் மாமியார் வேறு. "வெளுத்த மூஞ்சோட ஒரு பொம்பள வாசல்ல எறங்கினா வீடு வெளங்குமா?" என்று தினமும் ஒரு முறை சொல்லிவிடுவார். சாயங்காலம் பூசிக்கொள்கிறேனே என்றால், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பூசுகிற மஞ்சள் யாருக்கு என்பார்.

மாதம் முடியப் போகிற நேரத்தில் என் கணவர் விழுந்தார். செம்பனைக் குலை வெட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பியவர், மழையில் ஊறிக் கிடந்த செம்மண் பாதையில் சறுக்கிக் கால்வாயில் போய் விழுந்துவிட்டார். இடது கால் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க ஒரே பேச்சு. அவள் மஞ்சளை விட்டாள், அவன் விழுந்தான். யாரும் என் காது கேட்கச் சொல்லவில்லை. மாமியார் மட்டும் என் நேரே நின்று சொன்னார். "ஒன் கம்பெனிக்கு எம்புள்ள காலு வேணுமாமா? கேட்டுட்டு வா."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கே உள்ளுக்குள் ஒரு மூலையில் அந்தப் பயம் இருந்தது.

மறுநாள் விடியலில் குளியலறையில் மாமியார் மஞ்சள் உரைத்துக் கல்லிலேயே வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசினால் லைன் போய்விடும். கணவர் எழுந்து நடக்கிற வரைக்கும் என் சம்பளம்தான் வீட்டில் உலை வைக்கும். பூசாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்பார்கள். துணிந்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கக்கூட அசதியாக இருந்தது. கை எந்தப் பக்கமும் நீளவில்லை. அப்படியே தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வெறும் முகத்தோடு போய் இருட்டில் நின்றேன்.

பஸ் வந்தது. அடுத்த லயத்து ஆட்கள் முன்னாலேயே ஏறியிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறி, டிரைவருக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னாலேயே அத்தை ஏறினாள். வழக்கமாக ஏறும்போதே யாரையாவது வம்புக்கு இழுப்பவள், அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. எத்தனையோ வருஷம் மஞ்சள் ஏறிப் பழகிய முகம் வெளுத்து, யாரோ வேற்று ஊர்க்காரி மாதிரி இருந்தது. தலைமுடி காய்ந்து பறந்தது.

"இவ பூசல, இவ புருஷன் விழுந்தான்னு லயத்துல பேசுறாளுங்க" என்றாள், பஸ்ஸுக்குப் பொதுவாக. "இன்னிக்கி நானும் பூசல. என் வீட்டுக் கெழவன் விழுவுறானா பாப்பம். எல்லாரும் தொடைங்க லா. எல்லா ஆம்பளயும் ஒண்ணா விழுந்தா, அப்பறம் பேசுவம்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். சின்னம்மா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கைக்குட்டையை நனைத்தாள். துடைத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். ஈஜோக் போவதற்குள் அந்தக் கைக்குட்டை பஸ்ஸைச் சுற்றி வந்து, மஞ்சள் மஞ்சளாக என் கைக்கு வந்து சேர்ந்தது. நான் அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு முறையையெல்லாம் அத்தையே வகுத்தாள். எண்ணெய் முழுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. மஞ்சள், வேலை விட்டு வந்து குளிக்கிற குளியலுக்குப் போனது. லயத்தில் கிழவிகள் முணுமுணுத்தார்கள். ஆனால் யார் வீட்டு ஆம்பளையும் விழவில்லை. என் கணவர் மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, "நல்லவேள, நான் முந்திக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார். பலகைகள் ஒழுங்காகப் போயின. லைனைக் கலைக்கிற பேச்சு அடங்கியது.

எனக்குத்தான் அலுப்பு தீரவில்லை. நான் எந்த ரகம் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்னால் இவர்கள் கேட்கமாட்டார்கள். நான் செய்து காட்டினாலும் போதாது. செய்து, அடிபட்டு நிற்கிறபோதுதான் மனசு பொறுக்காமல் என் பக்கம் வந்து நிற்பார்கள். அதில் பாசம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தொப்பி போட வேண்டும் என்றாலும், நகம் வெட்ட வேண்டும் என்றாலும், "நீ மொதல்ல" என்று அத்தனை கண்ணும் என்னைத்தான் பார்க்கும். ஒவ்வொரு முறையும் முதல் அடியை வாங்க எத்தனை உடம்பு இருக்கிறது எனக்கு?

மாதம் முடிந்ததும் சூப்பர்வைசர் என்னைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. எப்படிச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாய் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். குனியும்போது பெண்களின் சங்கிலி வெளியே வந்து ஆடுகிறது, பலகையில் பட்டால் ஆபத்து, அடுத்த மாதத்திலிருந்து வேலை நேரத்தில் அதையும் கழற்றி வைத்துவிடட்டும் என்றார். "நீ சொன்னால் கேட்பார்கள்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லைன் தெரிந்தது. அத்தை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அவர் சங்கிலி என்கிறாரே, அது தாலிக்கொடி. வெறும் முகத்தோடு நின்றவளை இனி வெறும் கழுத்தோடும் நிற்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் கழற்றி நிற்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. இந்த முறை அலுப்பு அதைத் தடுக்கவில்லை.

"முடியாது" என்றேன். "நான் கழற்றவும் மாட்டேன், அவர்களிடம் சொல்லவும் மாட்டேன். கழுத்து வரைக்கும் பொத்தான் வைத்த சட்டை தைத்துக் கொடுங்கள், உள்ளே போட்டுக்கொள்கிறோம்."

"ஏன்?" என்றார்.

"என் புருஷனுக்கு இன்னும் ஒரு கால்தான் மிச்சம் இருக்கிறது."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னையே பார்த்தார். நான் சிரிக்கவில்லை. லைன் லீடராகி நான் போட்ட முதல் உத்தரவு அதுதான். சட்டை வந்தது.