மூடாமல் போன ரத்தக்குழாய்

ஸ்கேன் அறையில் இருபது வருஷமாகப் படம் எடுப்பவருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் ‘மூச்சடக்கி’. “மூச்சை அடக்குங்க, எச்சில் முழுங்காதீங்க” என்று நாள் முழுக்க மைக்கில் சொன்னதால் வந்த பெயர். “வீட்டுலயாவது எங்களை மூச்சு விட விடுங்க” என்பாள் மனைவி.

ஒரு திங்கட்கிழமை, தையல்காரர் ஒருவரை அவர் மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். இரண்டு முறை கை மரத்துக் கத்தரிக்கோல் நழுவியிருந்தது. மருந்து ஏற்றிப் படம் எடுத்ததும் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு பளிச்சென்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அடைப்புக்கு மேலே ஒரு கிளை பிரிந்து, மண்டையோட்டின் அடியிலிருந்த துளை வழியாகப் பின்மூளைக்குப் போயிருந்தது. தாய் வயிற்றிலேயே மூடிப்போயிருக்க வேண்டிய குழாய். பின்மூளைக்கு வழக்கமாக ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்களும் நூலாக இளைத்திருந்தன. இப்படியொன்றை அவர் படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

அறிக்கை எழுதும் டாக்டரிடம் போனார். “சார், பின்மூளையும் அடைப்பு இருக்கற அந்த ஒரே குழாயை நம்பித்தான் இருக்கற மாதிரி தெரியுது. இன்னொரு தரம் பாருங்களேன்.”

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எடுக்கறது உங்க வேலை, படிக்கறது என் வேலை. இன்னும் நாப்பது படம் கிடக்கு.”

முகத்தில் அடித்தாற்போல இருந்தது. தன் அறைக்குத் திரும்பி அடுத்த ஆளைப் படுக்க வைத்தார். அறிக்கையில் அடைப்பு மட்டுமே இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆபரேஷன் பட்டியலில் தையல்காரர் பெயரைப் பார்த்தார். அடைப்பை எடுக்க அந்தக் கழுத்துக் குழாயைக் கொஞ்ச நேரம் கவ்விப் பிடிப்பார்கள்; பின்மூளைக்கும் ரத்தம் நின்றுவிடும். மாடிப்படியில் ஓடினார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மறித்த நர்ஸ், விஷயம் கேட்டு உள்ளே விரைந்தாள். கவ்வியை உடனே எடுத்தார்கள். அதற்குள் பதினொரு நிமிஷம் போயிருந்தது.

தையல்காரர் விழித்தார். கண்ணைத் தவிர எதுவும் அசையவில்லை. ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

படத்தை வாங்க வந்த மகள் கேட்டாள். “அண்ணே, இந்தக் குழாய் விஷயம் முன்னாடியே தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதும்மா. சொன்னேன். விரட்டினதும் வாயை மூடிக்கிட்டேன்.”

அவள் திட்டவில்லை. படத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

விசாரணையிலும் அதையே சொன்னார். டாக்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. இவரை எலும்பு எக்ஸ்ரே அறைக்கு மாற்றினார்கள்.

“சொல்லத்தான் சொன்னீங்களே, நீங்களா போய் ஏன் மாட்டிக்கிட்டீங்க?” என்று மனைவி ஆதங்கப்பட்டாள்.

“திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவுல ரெண்டு முழு நாள் இருந்துச்சு” என்றார்.