கறுப்புக் கண்ணாடிக்குள் பார்த்த ஹமீதா றாத்தா

காலையில் கடையைத் திறந்து மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓட்டோக்காரர் பாரூக் வந்து நின்றார். எப்போதும் வாகனத்துக்குள் இருந்தபடியே கதைப்பவர், அன்று இறங்கி உள்ளே வந்தார்.

"அக்கா, நம்மட பார்க்கிங் றாத்தா மௌத்தாப் போயிட்டா. சுபஹ் தொழுதிட்டுப் படுத்தவவாம். பகலைக்கு அடக்கம்."

கடையைப் பூட்டிவிட்டு அவருடைய ஓட்டோவிலேயே றாத்தாவின் ஊரான கிண்ணியாவுக்குப் போனேன்.

திருகோணமலை நகருக்குள் வாகனம் ஓட்டுகிற உங்களில் பலருக்கு ஹமீதா என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆளைத் தெரியும். எல்லோரும் அக்கா முறைக்கு றாத்தா என்று கூப்பிட்டவர். துறைமுகப் பக்கம் இறங்குகிற எங்கள் கடைத்தெருவில், கறுப்பு அபாயாவுக்கு மேலே மஞ்சள் மேலங்கி போட்டு, வாகனம் நிறுத்துகிற கட்டணத்துக்கு ரிக்கெற் அடிக்கிற மெஷினைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நின்றவர். நீங்கள் வாகனத்தை ஓரங்கட்டி இறங்குவதற்குள் பக்கத்தில் வந்துவிடுவார். நீங்கள் அவரோடு வாக்குவாதப்பட்டிருக்கவும் கூடும். நானும் பட்டிருக்கிறேன்.

தெருவில் வாகனம் நிறுத்தக் கட்டணம் என்று அறிவித்து, அதைச் சேர்க்கும் வேலையைக் குத்தகைக்கு விட்டபோது, கடைக்காரர் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. இரண்டு மாத்திரை வாங்க வருகிறவரிடம் அதற்கும் காசு கேட்டால் அவர் வேறு தெருவுக்குப் போய்விடுவார் என்பது என் கவலை. முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன்: "றாத்தா, என்ர கடைக்கு வாற ஆக்களிட்ட வாங்காதேங்கோ. வருத்தக்காரர் மருந்துக்கு வாற இடம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வருத்தக்காரரை நான் கையப் புடிச்சிக் கொண்டுவந்து உங்கட கதிரையில இருத்துறன் தங்கச்சி. வாகனத்துக்கு ஒரு வருத்தமும் இல்லத்தானே."

ஒரு கிழமை நாங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு மாரி மழை பிடித்துக்கொண்டது. மெஷின் நனையாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவர் என் கடைக்குள் ஓடிவந்தார். அன்றிலிருந்து மழை இல்லாத நாளிலும் வந்தார். மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற இடம் இருந்தது. அதில் தொழுதார். பிறகு தன் சோற்றுப் பார்சலைப் பிரித்து, எனக்கென்று ஒரு மீன் துண்டைத் தள்ளி வைத்தார்.

அவர் சாந்தமான பெண் என்று அஞ்சலிக்காக எழுதிவிட முடியாது. கோபக்காரி. கோபித்தால் இரண்டு நாள் என் கடைப் பக்கம் திரும்பமாட்டார். வெயில் ஏறியதும், எங்கள் நகரத் தெருக்களில் மாடுகள் போலத் திரிகிற மான்கள் வந்து கோடு கீறிய இடத்துக்குள் படுத்துக்கொள்ளும். அவற்றோடும் சண்டைதான். "எழும்புங்க, இல்லாட்டி உங்களுக்கும் ரிக்கெற்தான்" என்று மேலங்கியைக் கழற்றி வீசுவார். ஒருமுறை பெரிய இடத்து ஆள் ஒருவர் கட்டணம் கட்ட மறுத்து, நான் ஆரெண்டு தெரியுமா என்று கேட்டபோது, "இந்த மெஷின் பேர் கேக்கிறல்ல, நம்பர்தான் கேக்கிற" என்றார். அந்த ஆள் சிரிக்கவில்லை. பணத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனார். றாத்தா குனிந்து எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது வேறொரு நாளைப் பற்றி.

அன்று காற்றே இல்லை. எங்கள் கடைகளுக்கு எதிரே ஒரு வான் நின்றிருந்தது. வெளி மாகாணத்து எண். பக்கக் கண்ணாடிகள் முழுக்கக் கறுப்பு. ஓட்டிவந்தவர் இறங்கிப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவராத வாகனங்களைக் கண்ட ஊர் இது. எத்தனை வருடம் போனாலும், அப்படி ஒன்று வந்து நின்றால் தெருவின் கதை குறைந்துவிடும். அன்றும் குறைந்தது. நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது, பக்கத்து இரும்புச் சாமான் கடைச் சிவராசா அண்ணை மெல்லிய குரலில், "பிள்ளை, அங்கால பாக்காத. உள்ளுக்குப் போ" என்றார்.

றாத்தா தெருவின் மற்ற முனையில் இருந்து ஒவ்வொரு வாகனமாக ரிக்கெற் வைத்துக்கொண்டு வந்தார். வானை நெருங்கியபோது நான் கூப்பிட்டேன்.

"றாத்தா, அதை விடுங்கோ. ஆற்றை வாகனமோ தெரியாது."

"ஆற்ற எண்டாலும் ரோட்டிலதானே நிக்கிது."

ரிக்கெற்றைக் கிழித்து, முன்கண்ணாடியின் துடைப்பானை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. குனிந்தார். பிறகு பக்கவாட்டுக்கு ஓடி, இரண்டு கைகளாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

"தங்கச்சி, உள்ளுக்க ஒரு புள்ள. அசையிதில்ல."

அதன் பிறகு எல்லோரும் ஓடிவந்தோம். இருக்கைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கால் தெரிந்தது. கதவுகள் பூட்டியிருந்தன. தட்டினார்கள், கத்தினார்கள். கால் அசையவில்லை. நான் அம்புலன்சுக்கு அழைத்தேன். என்னைச் சுற்றி ஆண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "பொறுங்கோ, பொலிசுக்குச் சொல்லுவம்." "உடைச்சாப் பிறகு ஆர் பதில் சொல்லுறது?" ஒவ்வொரு கேள்வியும் நியாயமாகத்தான் இருந்தது. ஒரு கையும் உயரவில்லை.

றாத்தா, கூட்டத்தில் நின்ற பாரூக்கின் பக்கம் திரும்பினார். "சில்லுக் கழட்டுற சாவியைத் தா."

பாரூக் சக்கரம் கழற்றுகிற அந்த இரும்புச் சாவியை ஓட்டோவிலிருந்து எடுத்தார். கொடுக்கவில்லை. "றாத்தா, ஆற்ற வாகனம் எண்டு தெரியாம…"

"ஆற்ற புள்ள எண்டுந்தான் தெரியா. தா."

பறித்துக்கொண்டு போய், பிள்ளைக்குத் தூரமாக இருந்த முன்பக்கக் கதவின் கண்ணாடியில் அடித்தார். முதல் அடி வழுக்கியது. மூன்றாவது அடியில் கண்ணாடி கொட்டியது. கையை விட்டுக் கதவைத் திறந்தார். முழங்கையில் இருந்து இரத்தம் வழிந்ததை அவர் பார்க்கவே இல்லை.

நான்கு வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை. தலைமயிர் நெற்றியில் ஒட்டிக் காய்ந்திருந்தது. தொட்டபோது காய்ச்சல்காரரின் சூட்டைவிட அதிகம். என் கடைக்குள் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே தரையில் கிடத்தினோம். கழுத்திலும் கக்கத்திலும் நனைத்த துணிகளை வைத்தேன். பிள்ளையின் தலையைத் தன் கையில் தாங்கியபடி றாத்தா முணுமுணுப்பாக ஓதிக்கொண்டிருந்தார். துணி சூடாகிவிடும், மறுபடி நனைப்பேன். எத்தனை முறை நனைத்தேன் என்று தெரியாது. இது திரும்பாது என்று எனக்குள் ஓர் எண்ணம் வந்தது. அந்த நேரத்தில்தான் இமை அசைந்தது. பிறகு உதடு. "அம்மே" என்று ஒரு கீச்சுக்குரல்.

சிங்களப் பிள்ளை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது தெருவில் கூச்சல் எழுந்தது. தகப்பன் வந்துவிட்டார். ஏதோ ஓர் அரச அலுவலகக் கையெழுத்துக்காகக் கந்தோருக்குப் போனவர். பிள்ளை தூங்குகிறது, பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் கண்டது, உடைந்த கண்ணாடியும் வெறும் இருக்கையும் புரியாத மொழியில் ஏசுகிற கூட்டமும்தான். "மகே துவ கோ? மகே துவ கோ?" என் மகள் எங்கே என்று ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கினார். றாத்தா கடையிலிருந்து இறங்கிப் போனார். மஞ்சள் மேலங்கியில் இரத்தத்தைக் கண்டதும் அந்த மனிதர் பாய்ந்து, மெஷின் தொங்கிய பட்டியைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து முறுக்கினார்.

"றாத்தாவில கை வைச்சிட்டான்" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டம் இறுகியது. கீழே கிடந்த இரும்புச் சாவி யாரோ ஒருவனின் கைக்குப் போய்விட்டதை நான் வாசலில் நின்று கண்டேன். எங்கள் ஊரில் சின்னச் சண்டை எப்படிப் பெரிதாகும், பெரிதானால் எந்தெந்தத் தெருவுக்குப் போகும் என்று தெரியாதவர் இல்லை.

றாத்தாவுக்கு மூச்சு வரவில்லை. ஆனாலும் கையை உயர்த்தினார். தகப்பனுக்கு எதிராக உயர்த்தவில்லை, கூட்டத்துக்கு எதிராக.

"ஒருத்தரும் கிட்ட வராதீங்க. அவன் புள்ளயத் தேடுறான்."

பிறகு சந்தையில் படித்த சிங்களத்தில், மகள் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "துவ இன்னவா. ஹொந்தட்ட இன்னவா." தன் கழுத்தைப் பிடித்திருந்த அந்தக் கையையே மணிக்கட்டில் பிடித்து, அவரை இழுத்துக்கொண்டு நடந்தார். கூட்டம் வழி விட்டது. சாவி வைத்திருந்தவனும் விட்டான். என் கடை வாசலில், பிள்ளை கரண்டியால் தண்ணீர் குடிப்பதைக் கண்டதும் அந்த மனிதர் நின்ற இடத்திலேயே தரையில் குந்திவிட்டார். கையிலிருந்த கடதாசிகள் தரையெல்லாம் சிதறின. அம்புலன்ஸ் வந்தபோது இரண்டு பேர் அவரைத் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. பின்னேரம் தகப்பன் வானை எடுக்க வந்தார். ரிக்கெற் இன்னும் துடைப்பானின் கீழே இருந்தது. எடுத்து வாசித்தார். றாத்தாவிடம் வந்து, நிமிர்ந்து பார்க்காமல், இரண்டு கைகளாலும் பணத்தை நீட்டினார். றாத்தா வாங்கி, மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார்.

அவர் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் காசை வாங்காமல் விட்டிருக்கலாமே?"

"வாங்காட்டி அவனுக்கு என்ட முகத்தைப் பாக்கவே ஏலாமப் போகும் தங்கச்சி. ரோட்டுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்திட்டான். நிமிந்து போகட்டும்."

அவருடைய கழுத்தில் பட்டி அழுந்திய இடம் சிவந்து தடித்திருந்தது. மருந்து பூசிக்கொண்டே, அவனை இரண்டு வார்த்தை ஏசவாவது செய்திருக்கலாம் என்றேன். பிள்ளையை அப்படி விட்டுவிட்டுப் போனவன்தானே. றாத்தா அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"என்ட தம்பியையும் இப்படி ஒரு வாகனத்திலதான் ஏத்தினாங்க. பட்டப்பகல். சந்தையடி. எவ்வளவோ சனம் நிண்டிரிக்கி. உம்மா ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டா. ஒருத்தரும் பாக்கல்ல எண்டாங்க. அவங்களக் குத்தம் சொல்லேலா, பயம். உம்மா மௌத்தாகும் மட்டும் ரோட்டு ரோட்டாத்தான் திரிஞ்சா." கழுத்தைத் தடவிக்கொண்டார். "அவன் புடிச்சக்க எனக்கு அவன்ட கண்தான் தெரிஞ்சிது. உம்மாட கண். எப்படி ஏசுற?"

தம்பி திரும்பி வரவே இல்லை. அந்தக் கதையை அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் குத்தகைக்காரரின் மேற்பார்வையாளர் வந்து, வாகனத்தில் கை வைத்தது பிழை என்று சொல்லி, மெஷினை வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார். பொலிஸ் விசாரணைக்கு நானும் கூடப் போனேன். தகப்பன் ஏற்கெனவே உண்மையைச் சொல்லியிருந்ததால் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வேலைதான் போய்விட்டது. "பாக்காத" என்று எனக்குச் சொன்ன அதே சிவராசா அண்ணை, கடைக்காரர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு குத்தகைக்காரரின் கந்தோருக்குப் போனார். "அவ வராட்டி இந்தத் தெருவில ஒருத்தரும் ரிக்கெற் எடுக்கமாட்டினம்" என்று மேசைக்கு முன்னால் நின்று சொன்னார். கட்டணத்தை எதிர்த்து முதலில் கையெழுத்து வாங்கித் திரிந்தவரும் அவர்தான். றாத்தா திரும்பி வந்த அன்று, எங்களைப் பார்த்து, "ரிக்கெற் வேணாம் எண்டு சண்டை புடிச்ச ஆக்கள்தானே நீங்க எல்லாரும்" என்றார். அன்றும் என் கடைக்கு வந்தவர் ஒருவரிடம் காசு வாங்கினார்.

கடைசி ஒரு வருடம் நீரிழிவு என்கிற சீனி வருத்தம் அவரைத் தின்றது. காலில் புண் ஆறவில்லை. வேலையை விட்ட பிறகு இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். "ரோட்டு எப்படி?" என்றுதான் கேட்பார். வீட்டாரையும் கடையையும் பிறகுதான் விசாரிப்பார். அடக்கத்துக்கு முன்னர் பெண்களோடு உள்ளே போய் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கோபம் தணிந்து தூங்குகிறவர் போல இருந்தார்.

அவருடைய பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. ஆனால் அண்மையில் ஒரு நாள், எங்கள் தெருவில் மூன்று பேர் ஒரு பொடியனைச் சுவரோடு சாய்த்துவைத்து அதட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன பிரச்சினை என்று எனக்குத் தெரியாது. தெரு வழக்கம்போல வேறு பக்கம் பார்த்தது. நான் கடையை விட்டு இறங்கி, அவர்களுக்குத் தெரிகிற இடத்தில் போய் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச எனக்குத் துணிவும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவனை விட்டுவிட்டுப் போனார்கள்.

கடைக்குள் திரும்பி வந்து கதிரையில் இருந்த பிறகும் கால் நடுங்கியது. ஹமீதா றாத்தாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். கால் நடுங்கட்டும், கண் திரும்பாது.