என் தேதியில் இரண்டு வரிகள்

இன்று காலை மகள் நாட்காட்டித் தாளைக் கிழித்த ஓசை என்னை நான் வளர்ந்த உரும்பிராய் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்பா ஒவ்வொரு புதுக் கலண்டரிலும் எங்கள் வீட்டுப் பிறப்பு இறப்புகளை அந்தந்தத் தாளில் பென்சிலால் எழுதிவைப்பார். எனக்குப் பத்து வயதான அன்று என் தாளில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி நான் பிறந்தது. மற்றது, முந்தைய வருடம் அதே தேதியில் ஷெல் விழுந்து அண்ணா இறந்தது.

அடுப்படியில் தேங்காயும் பனங்கட்டியும் மணத்தன. பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் இனிப்பாகக் கொடுக்க அம்மா ரொபி கிளறிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரொபி வேண்டாம், அம்மா."

"பஞ்சாங்கத்திலை அண்ணைக்குத் திதி அடுத்த மாதமெல்லே? அழுறதெண்டால் அண்டைக்கு எல்லாரும் சேர்ந்து அழுவம். இண்டைக்கு உன்ரை நாள். கொண்டு போய்க் குடு."

வாசல் படலையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அம்மா அந்தத் தாளைக் கிழித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

இன்றும் அதே தேதி. வாழ்த்துச் சொல்ல அம்மா தொலைபேசியில் அழைத்தார். கேட்கலாமா, கேட்டால் நோகுமா என்று தடுமாறி, கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அம்மா, இண்டைக்கு அண்ணையை நினைச்சு அழுதனீங்களே?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"திதி இன்னும் வரேல்லையே, பிள்ளை."